டூரண்ட் கோப்பையும் எங்கள் லைன் வீடும்

ஆடி பிறந்தால் எங்கள் பக்கம் காற்றுக்குப் பஞ்சமில்லை. பாலக்காட்டுக் கணவாய் வழியாக வந்து, காயப்போட்ட துணியை எல்லாம் பக்கத்து வீட்டு மாடிக்குக் கொண்டுபோய்ச் சேர்த்துவிடும். அதே சமயத்தில் வடக்கே கொல்கத்தாவில் மழையும் கால்பந்தும் ஒன்றாக இறங்கும். டூரண்ட் கோப்பை தொடங்குகிற காலம் அது.

பனியன் கம்பெனியில் நாற்பது வருடம் கணக்கும் டாக்குமெண்டும் பார்த்த ஆளுக்குக் கால்பந்து எதற்கு என்று நண்பர்கள் சிலர் கேட்பதுண்டு. நான் பள்ளிக்கூடத்தில் கபடி ஆடியவன். காலால் பந்தை உதைத்தது குறைவு. ஆனாலும் 2023-இல் இருந்து டூரண்ட் கோப்பையின் அணிப் பட்டியல் வந்தால் எடுத்துப் பார்த்துவிடுகிறேன். அதற்குக் காரணம் விளையாட்டு பாதி, நம்ம தொழில் பாதி. அதைத்தான் இன்றைக்கு எழுதலாம் என்று உட்கார்ந்தேன்.

முதலில், தெரியாதவர்களுக்குக் கொஞ்சம் விளக்கிவிடுகிறேன். நம் நாட்டில் ஐ.எஸ்.எல். லீக் தொடங்குவது பெரும்பாலும் செப்டம்பர், அக்டோபரில். அதற்கு முன்னால் பெரிய கிளப்புகள் எல்லாம் தங்கள் ஆட்களைப் பதம் பார்க்க ஒரு போட்டி வேண்டும். புதிதாக வாங்கிய ஆட்டக்காரர் ஒத்துவருகிறாரா, கோச் போட்ட திட்டம் எடுபடுகிறதா என்று பார்த்துக்கொள்வார்கள். நம் பாஷையில் சொன்னால் பி.பி. சாம்பிள். பல்க் கட்டிங் போடுவதற்கு முன்னால் பையருக்குப் பத்துப் பீஸ் தைத்து அனுப்பி, கழுத்து சரியா, ரிப் சரியா என்று அப்ரூவல் வாங்குகிறோமே, அதே வேலைதான். டூரண்ட் கோப்பை இப்போது அந்த இடத்தில் இருக்கிறது.

ஆனால் அதற்கென்று ஒரு பழம்பெருமை உண்டு. ஆசியாவிலேயே மிகப் பழைய கால்பந்துப் போட்டி இது. 1888-இல் சிம்லா பக்கம் தொடங்கியது. தொடங்கியவர் மார்டிமர் டூரண்ட் என்ற வெள்ளைக்கார அதிகாரி, அன்றைய இந்திய அரசின் வெளியுறவுச் செயலாளர். முதலில் பட்டாளத்து அணிகள் மட்டுமே ஆடின. 1940-இல்தான் கொல்கத்தா முகமதன் ஸ்போர்ட்டிங், பட்டாளம் அல்லாத இந்திய அணியாக முதல்முதலில் அதை வென்றது. பிறகு நெடுங்காலம் டெல்லியில் நடந்து, 2019-இல் கொல்கத்தாவுக்கு வந்தது. இன்றும் நம் ராணுவம்தான் பொறுப்பேற்று நடத்துகிறது.

இந்த டூரண்ட் இன்னொரு காரியமும் செய்தவர். ஆப்கானிஸ்தானத்துக்கும் பிரிட்டிஷ் இந்தியாவுக்கும் நடுவே 1893-இல் போடப்பட்ட எல்லைக்கோட்டுக்கும் அவர் பெயர்தான். டூரண்ட் கோடு. அந்தக் கோட்டுக்கு இரண்டு பக்கமும் இருக்கிற சண்டை இன்னும் தீர்ந்தபாடில்லை. அவர் ஆரம்பித்து வைத்த கோப்பைக்கோ பக்கத்து நாட்டுக்காரர்கள் விருந்தாளியாக வந்து ஆடிவிட்டுப் போகிறார்கள்.

2023-இல் 24 அணிகள். அதில் இரண்டு வெளிநாட்டு அணிகள்: பங்களாதேஷ் ராணுவம், நேபாளத்தின் திரிபுவன் ராணுவம். 27 வருடங்களுக்குப் பிறகு அயல்நாட்டு அணிகள் வருகின்றன என்று பத்திரிகைகள் எழுதின. நம் சென்னையின் எப்.சி. இருந்த பிரிவில்தான் நேபாள அணியும் இருந்தது. பங்களாதேஷ் அணியோ கொல்கத்தாவில், மோகன் பகானும் ஈஸ்ட் பெங்காலும் இருக்கும் பிரிவில்.

பங்களாதேஷ் என்ற பேரைக் கேட்டால் மற்ற ஊர்க்காரர்களுக்கு என்ன நினைவு வருமோ தெரியாது. திருப்பூர்க்காரனுக்குத் தொழில்தான் நினைவு வரும். டாக்காவும் அதை ஒட்டிய நாராயண்கஞ்சும் எங்களுக்கு எட்டாத ஊர்கள் அல்ல. அங்கேயும் பனியன் துணி நெய்கிறார்கள், சாயம் போடுகிறார்கள், டி-சர்ட் தைத்து ஐரோப்பாவுக்கு ஏற்றுகிறார்கள். நாங்கள் தைப்பதே தான். பையரும் பல சமயம் ஒரே பையர்தான்.

நான் எக்ஸ்போர்ட் டாக்குமெண்ட் பார்த்த காலத்தில் நடந்ததைச் சொல்கிறேன். 2004 டிசம்பர் வரைக்கும் கோட்டா முறை இருந்தது. எந்த நாடு எவ்வளவு துணி அனுப்பலாம் என்று ஒரு அளவு. 2005 ஜனவரி 1-ஆம் தேதி அது ஒழிந்தது. இனி தரம் உள்ளவன் பிழைத்துக்கொள்வான் என்று இங்கே எல்லோருக்கும் உற்சாகம். புது மிஷின், புது ஷெட், பேங்க் லோன் என்று ஊரே இறங்கியது. ஆனால் கோட்டா போனாலும் வரி போகவில்லை. ஐரோப்பாவில் இறங்கும் பின்னலாடைக்குப் பொது வரி நூற்றுக்கு 12. இந்தியாவுக்குச் சலுகை போக 9.6. பங்களாதேஷ் மிகவும் பின்தங்கிய நாடுகள் பட்டியலில் இருந்ததால், 2001 முதல் ஆயுதம் தவிர எல்லாவற்றுக்கும் என்ற திட்டத்தின் கீழ் அவர்களுக்கு வரியே கிடையாது.

இதைக் கணக்காகப் பாருங்கள். நூறு ரூபாய்க்கு நாங்கள் ஒரு டி-சர்ட் கொடுத்தால் பையருக்கு அங்கே போய் இறங்கும்போது ஏறத்தாழ நூற்றுப்பத்து. டாக்காக்காரன் அதே நூறுக்குக் கொடுத்தால் பையருக்கு நூறுதான். நூல், சாயம், தையல், பேக்கிங், ஆபீஸ் செலவு எல்லாம் போக எங்கள் முதலாளிக்கு அதில் நிற்பது நாலோ ஐந்தோ. பத்தை எங்கிருந்து குறைப்பது? இத்தனைக்கும் அவர்களிடம் பருத்தி அவ்வளவாக விளைவதில்லை. நம் நாட்டு நூலையும் வாங்கித்தான் நெய்கிறார்கள். எங்கள் வட்டாரத்து ஸ்பின்னிங் மில் நூல் அங்கே போய், துணியாகி, டி-சர்ட்டாகி, எங்களுக்கே எதிராக நின்றது. பேசிக் பீஸ் ஆர்டர்கள், அதாவது பிளெயின் டி-சர்ட், லட்சம் பீஸ் கணக்கில் வருபவை, ஒவ்வொன்றாகக் கை நழுவின.

இதோடு 2011 ஜனவரியில் நொய்யல் வழக்கில் ஹைகோர்ட் உத்தரவின்படி சாயப்பட்டறைகள் மூடப்பட்டதும் சேர்ந்துகொண்டது. எனக்குத் தெரிந்த ஜாப் ஒர்க் யூனிட்கள் பல அந்த இரண்டு மூன்று வருடத்தில் பவர் டேபிளை விற்றுவிட்டு வேறு வேலைக்குப் போயின. என் மச்சினன் பன்னிரண்டு மிஷின் போட்டிருந்தான். ஒன்றொன்றாக விற்று, கடைசி ஓவர்லாக் மிஷினை ஏற்றிவிட்டு வந்த அன்று சாப்பிட உட்கார்ந்தவன், "மாமா, அந்த டாக்காக்காரன் நல்லாவே இருக்கமாட்டானுங்க" என்றான். அவனுக்கு டாக்கா எந்தத் திசையில் இருக்கிறது என்றுகூடத் தெரியாது. ஆனால் அவன் வயிற்றெரிச்சல் உண்மை. அன்றைக்கு ஊரில் பாதிப் பேர் அப்படித்தான் பேசினார்கள்.

2013 ஏப்ரல் 24. டாக்காவுக்குப் பக்கத்தில் சாவார் என்ற இடத்தில் ரானா பிளாசா என்ற எட்டு மாடிக் கட்டடம் இடிந்து விழுந்தது. உள்ளே தையல் கம்பெனிகள். முந்தின நாளே சுவரில் விரிசல் கண்டிருக்கிறது. கீழே இருந்த பேங்கும் கடைகளும் மூடிக்கொண்டன. தையல்காரர்களை மட்டும் வேலைக்கு வரச் சொன்னார்கள். 1,100 பேருக்கு மேல் செத்தார்கள். பெரும்பாலும் சின்ன வயதுப் பெண்கள்.

அந்த வாரம் கம்பெனிக்கு எதிரே டீக்கடையில் நின்றிருந்தேன். ஒருவர், "இனி ஆர்டர் எல்லாம் நம்ம பக்கந்தானுங்க" என்றார். அவர் கெட்ட மனுஷன் இல்லை. கடன் கழுத்தை நெரித்த ஆள். அவருக்கு ஒருவரும் பதில் சொல்லவில்லை. ஷிப்ட் முடிந்து எங்கள் செக்கிங் பெண்கள் சாப்பாட்டுத் தூக்கை ஆட்டிக்கொண்டு ரோட்டைக் கடந்து போனார்கள். பேப்பரில் வந்த படத்தில் இருந்த பெண்களும் அதே வயது, அதே மாதிரி துப்பட்டா, அதே வேலை. டீ கிளாஸை வைத்துவிட்டு அவர் கிளம்பிப் போய்விட்டார். அன்றைக்கு முதல் டாக்காக்காரன் என்று ஒருமையில் பேசுவது எனக்குக் கசந்துபோயிற்று.

இனி லைன் வீட்டுக்கு வருகிறேன்.

எங்கள் வீட்டுக்குப் பின்னால் அப்பா காலத்தில் கட்டிய ஆறு லைன் வீடுகள் இருக்கின்றன. ஒரு காலத்தில் மதுரை, தேனி, திண்டுக்கல் பக்கத்துக் குடும்பங்கள் குடியிருந்தன. இப்போது நாலு வீட்டில் வடக்கத்திப் பையன்கள். அதில் ஒன்றில் மேற்கு வங்காளத்துப் பையன்கள் ஐந்து பேர். நிட்டிங்கிலும் அயர்னிங்கிலும் வேலை. வாடகை ஐந்தாம் தேதிக்குள் வந்துவிடும். ஞாயிற்றுக்கிழமை மீன் வாசம் வரும். மற்றபடி தொந்தரவு இல்லை.

2023 ஆகஸ்ட் 6 ஞாயிற்றுக்கிழமை. மாலையில் பின்பக்கம் ஒரே கூச்சல். என்ன தகராறோ என்று போய்ப் பார்த்தால், அரிசிச் சாக்கின் மேல் ஒரு செல்போனைச் சாய்த்து வைத்து ஐந்து பேரும் குனிந்து உட்கார்ந்திருக்கிறார்கள். கொல்கத்தா சால்ட் லேக் மைதானத்தில் ஈஸ்ட் பெங்காலும் பங்களாதேஷ் ராணுவமும். எனக்கும் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டார்கள்.

ஈஸ்ட் பெங்கால் என்ற பெயர் எனக்குப் பழக்கமானது. 1980 வாக்கில் லோக்கல் பனியன் சரக்குக்காக நான் கொல்கத்தா போய்வந்தவன். கோரமண்டல் எக்ஸ்பிரசில் மெட்ராசிலிருந்து ஹவுரா. நம் ஊரில் பனியன் தொழில் காலூன்றுவதற்கு முன்பே கொல்கத்தா பனியனுக்குப் பேர்போன ஊர். நம்மவர்கள் ஆரம்பத்தில் மிஷின் கொண்டுவந்ததே அங்கிருந்துதான் என்று பெரியவர்கள் சொல்வார்கள். படா பஜாரில் நாங்கள் சரக்குப் போடும் கடையில் வயதான கணக்கர் ஒருவர் இருந்தார். பாக்கி வசூலுக்குப் போய் நாலு நாள் காத்திருக்கும்போது அவர்தான் பேச்சுத்துணை. எனக்குத் தெரிந்த அரைகுறை இந்தி, அவருக்குத் தெரிந்த அரைகுறை இந்தி.

அவர் சொல்லித்தான் தெரியும். ஈஸ்ட் பெங்கால் கிளப் 1920-இல் கிழக்கு வங்காளத்திலிருந்து கொல்கத்தாவுக்குப் பிழைக்க வந்தவர்கள் தொடங்கியது. பிரிவினைக்குப் பின் லட்சக்கணக்கில் அகதிகள் வந்தபோது, அவர்களுக்கு அந்த ஊரில் தங்களுடையது என்று சொல்லிக்கொள்ள முதலில் இருந்தது அந்தக் கிளப்தான். அந்த அணி ஜெயித்தால் இலிஷ் மீன் விலை ஏறும். மோகன் பகான் ஜெயித்தால் இறால் விலை ஏறும். கணக்கருக்குச் சொந்த ஊர் பரிசால். "உங்கள் தேஷ் எது?" என்று என்னைக் கேட்டார். நான் இந்தியா என்று சொல்ல, சிரித்துவிட்டு, "அது எனக்கும்தான். உன் தேஷ் எது?" என்றார். வங்காளிகள் சொந்த ஊரையும் தேஷ் என்றுதான் சொல்வார்களாம். எனக்கு உடனே புரிந்தது. கொங்கில் 24 நாடு என்று நாமும்தானே சொல்கிறோம். நாடு என்றால் நமக்கும் நாலு ஊர் சேர்ந்த ஒரு வட்டாரம்தான்.

இப்போது யோசித்துப் பாருங்கள். மைதானத்தில் ஒரு பக்கம் ஈஸ்ட் பெங்கால் என்ற பெயரைச் சட்டையில் போட்ட அணி. அதில் ஆடுபவர்களில் ஸ்பெயின்காரர்கள் உண்டு, கேரளத்துக்காரர்கள் உண்டு. எதிர்ப்பக்கம் நிஜமாகவே அந்தக் கிழக்கு வங்காள மண்ணிலிருந்து வந்த அணி. பார்க்க வந்த ஜனங்களில் பலருடைய தாத்தா பாட்டி ஊர் எதிரணியின் நாட்டில் இருக்கிறது. இவர்கள் யாருக்குக் கைதட்டுவது?

மூன்று நாள் முன்புதான் பங்களாதேஷ் ராணுவம் மோகன் பகானிடம் 5-0 என்று தோற்றிருந்தது. இந்த ஆட்டமும் அப்படியே போகும் என்றுதான் தோன்றியது. ஈஸ்ட் பெங்கால் இரண்டு கோல் போட்டுவிட்டது. நான் எழுந்து போகலாமா என்று பார்த்தேன். ஆட்டம் முடியும் தறுவாயில் பங்களாதேஷ் ஒரு கோல் போட்டது. பிறகு, கூடுதல் நிமிடங்களும் தீரப்போகிற நேரத்தில் இன்னொன்று. 2-2. அவர்கள் மொத்த சர்வீஸ் ஆட்கள். சம்பளம் வாங்கிக்கொண்டு கால்பந்து மட்டும் ஆடுகிற கூட்டம் இல்லை. கோடிக்கணக்கில் செலவழித்த அணியைக் கடைசி நிமிடம் வரை ஓடி ஓடி நிறுத்திவிட்டார்கள்.

பையன்கள் தலையில் கை வைத்துக்கொண்டார்கள். ஒருவன் மட்டும் சிரித்தான். நதியா மாவட்டத்துப் பையன். பாட்டிக்கு எல்லைக்கு அந்தப் பக்கம் குஷ்டியா. "என்னப்பா, உங்க டீம் கோட்டை விட்டுருச்சு, சிரிக்கிறே?" என்றேன். திருப்பூரில் கற்ற தமிழில் சொன்னான்: "தோத்தா அழுகலாம் தாத்தா. இது தோக்கலயே. ரெண்டு பேரும் ரெண்டு கோல்." டீ கொண்டுவந்த என் வீட்டுக்காரி, "ஏனுங்க, இதுல யாரு நம்மாளு?" என்று கேட்டாள். அவன் இரண்டு பக்கமும் கையைக் காட்டினான்.

ஈஸ்ட் பெங்கால் அந்த வருடம் இறுதி ஆட்டம் வரை போய், செப்டம்பர் 3-ஆம் தேதி மோகன் பகானிடம் 1-0 என்று தோற்றது. ஆனால் எங்கள் லைன் வீட்டில் பேசப்பட்டது என்னவோ அந்த 2-2 தான்.

பிறகு நான் இதைப் பற்றிப் படிக்க ஆரம்பித்தேன். வேலை இல்லாதவனுக்கு நேரத்துக்கு என்ன குறை. 1971 விடுதலைப் போரின்போது கிழக்கு வங்காளத்திலிருந்து தப்பி வந்த ஆட்டக்காரர்கள் சேர்ந்து, சுதந்திர வங்காளக் கால்பந்து அணி என்று ஒன்று அமைத்திருக்கிறார்கள். கேப்டன் ஜக்காரியா பிண்டு. முதல் ஆட்டம் 1971 ஜூலை 25-இல் கிருஷ்ணாநகரில், நதியா மாவட்ட அணியோடு. நம் லைன் வீட்டுப் பையனின் அதே நதியா. அன்றைக்கு இந்தியா பங்களாதேஷை அங்கீகரிக்கவில்லை. அது டிசம்பர் 6-இல்தான் நடந்தது. ஆனாலும் அந்த ஆட்டக்காரர்கள், கொடி ஏற்றினால்தான் ஆடுவோம் என்று நின்றார்கள். மைதானத்தில் அவர்கள் கொடி ஏறியது. அனுமதித்த மாவட்ட அதிகாரிக்கு அதனால் சிக்கல் வந்ததும் பதிவாகியிருக்கிறது. ஆட்ட முடிவு என்ன தெரியுமா? அதுவும் 2-2.

அடுத்து கொல்கத்தாவில் மோகன் பகானோடு ஆட வேண்டும். அங்கீகாரம் இல்லாத நாட்டு அணியோடு கிளப் பேரில் ஆட முடியாது. அதனால் பழைய ஆட்டக்காரர் கோஷ்தோ பால் பேரில் ஓர் அணியாக இறங்கி ஆடினார்கள். அந்த கோஷ்தோ பாலும் பிறந்தது கிழக்கு வங்காளத்து ஃபரித்பூரில்தான். வசூலான பணம் விடுதலைப் போருக்குப் போயிற்று.

பிற்காலத்திலும் போக்குவரத்து நிற்கவில்லை. டாக்கா ஆட்டக்காரர் மோனேம் முன்னா 1991-இல் ஈஸ்ட் பெங்காலுக்கு வந்து ஆடி, கொல்கத்தா ஜனங்களின் செல்லப்பிள்ளை ஆனார். நமக்குப் பக்கத்தில் கோழிக்கோட்டில் நடந்த நாக்ஜி கோப்பையை 1990 வாக்கில் டாக்காவின் ஆபஹானி கிளப் வந்து வென்றிருக்கிறது. திருப்பூரில் சாயங்காலம் ரயிலேறினால் ராத்திரி போய்ச் சேரும் ஊர். அன்றைக்கு அதே ரயில் பாதையில் கொச்சிக்கு எங்கள் சரக்கு போய்க்கொண்டிருந்தது. 2014 ஐ.எஃப்.ஏ. ஷீல்டு இறுதி ஆட்டத்தில் டாக்காவின் ஷேக் ஜமால் அணியும் கொல்கத்தா முகமதனும் மோதி, பெனால்டியில்தான் முகமதன் ஜெயித்தது.

நம் தமிழ்நாட்டுக்கும் இப்படி ஒன்று இருந்தது. மூத்த வாசகர்களுக்கு நினைவிருக்கும், கோபாலன் கோப்பை. கிரிக்கெட், ஹாக்கி இரண்டிலும் இந்தியாவுக்கு ஆடிய எம்.ஜே. கோபாலன் பேரில், 1952-53 சீசனில் தொடங்கி மெட்ராஸ் அணியும் சிலோன் அணியும் மோதிய போட்டி. இலங்கைக்கு டெஸ்ட் தகுதி கிடைத்தது 1981-இல். அதுவரைக்கும் அவர்களுக்கு ஒழுங்காகக் கிடைத்துவந்த முதல்தர ஆட்டம் என்றால் இதுதான். சேப்பாக்கத்திலும் கொழும்பிலும் ஆடி ஆடித்தான் அவர்கள் கை தேறினார்கள். தேறியபின் நம்மையே அடித்தார்கள். அதில் யாருக்கும் வருத்தம் வந்ததாக எனக்கு நினைவில்லை.

இங்கேதான் எனக்கு ஒரு யோசனை. பக்கத்து நாட்டுக்காரனிடம் மைதானத்தில் தோற்றால் இரண்டு நாள் வருத்தம், மூன்றாம் நாள் "நல்லா ஆடினான்" என்கிறோம். தொழிலில் தோற்றால் தலைமுறைக்கும் பகை. ஏன்? வயிற்றுப்பாடு என்பது ஒரு காரணம், அதை மறுக்க முடியாது. மச்சினனின் பன்னிரண்டு மிஷின் விளையாட்டல்ல. ஆனால் இன்னொரு காரணமும் இருக்கிறது. மைதானத்தில் இரண்டு பேருக்கும் கோல் கம்பம் ஒரே அகலம். பந்து ஒரே எடை. தொழிலில் அப்படி இல்லை. ஒருவன் கோல் அகலமாக இருக்கும், இன்னொருவனுடையது குறுகலாக இருக்கும். அதை அளந்து வைப்பவர்கள் பிரஸ்ஸல்சிலும் வாஷிங்டனிலும் உட்கார்ந்திருக்கிறார்கள். நாமோ எதிரே ஓடுகிறவனைத் திட்டிக்கொண்டிருக்கிறோம்.

2025-இல் நடந்ததைப் பாருங்கள். அந்த ஆகஸ்ட் 27 முதல் அமெரிக்கா இந்தியச் சரக்குக்கு 50 சதவீதக் கூடுதல் வரி போட்டது. அப்போது பங்களாதேஷுக்கு 20. இது டாக்காவில் தைக்கிற பெண் கேட்டு வாங்கியதல்ல. 2024-25-இல் ஏறத்தாழ 40,000 கோடிக்கு ஏற்றுமதி செய்த ஊர் நம்முடையது. அந்தச் சமயத்தில் அமெரிக்க ஆர்டரை நம்பிய கம்பெனிகளில் ஓவர்டைம் இல்லை, சிலவற்றில் வாரத்துக்கு இரண்டு நாள் மிஷின் ஓடுவதில்லை என்று வாக்கிங் வரும் நண்பர்கள் சொன்னார்கள். முன்பு அவர்கள் பக்கம் இருந்த வலி அப்போது நம் பக்கம் வந்தது.

இதோடு அரசியலும் கெட்டுவிட்டது. 2024 ஆகஸ்ட் 5-இல் ஷேக் ஹசீனா பதவி விலகி இங்கே வந்தபின் இரண்டு நாட்டுக்கும் முகம் கொடுத்துப் பேச்சில்லாமல் போயிற்று. 2025 ஏப்ரலில் அவர்கள் தரைவழியாக நம் நூல் வருவதை நிறுத்தினார்கள். மே மாதம் நாம் அவர்கள் ஆயத்த ஆடை தரைவழியாக வருவதை நிறுத்தினோம். நூலும் சட்டையும் செய்த பாவம் என்ன?

லைன் வீட்டிலும் அதன் நிழல் விழுந்தது. 2025 தொடக்கத்தில், கள்ளத்தனமாக வந்து தங்கிய பங்களாதேஷ்காரர்கள் எங்கள் வட்டாரத்தில் பிடிபட்ட செய்திகள் வரிசையாக வந்தன. சட்டம் சட்டம்தான். ஆனால் அதற்குப் பிறகு வங்காளம் பேசுகிறவன் எல்லாம் சந்தேகத்துக்கு உரியவன் ஆனான். எங்கள் பையன்களின் ஆதார், வாக்காளர் அட்டை எல்லாம் சரியாக இருந்தன. நானே ஜெராக்ஸ் எடுத்து வைத்திருந்தேன். இருந்தும் நதியா பையன் ஒரு வாரம் கடைத்தெருவுக்குப் போகவில்லை. தினமும் ராத்திரி வாசல்படியில் உட்கார்ந்து அம்மாவிடம் சத்தமாகப் போன் பேசுகிறவன், உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டு மெதுவாகப் பேசினான். தாய்மொழியை ஒளித்து வைத்துப் பேசவேண்டிய நிலை ஒருவனுக்கு வந்தால் அது எப்படி இருக்கும் என்று கொழும்பில் 1983-ஐப் பார்த்த நம் ஜனங்களைக் கேட்டால் தெரியும். நான் போய், "வெளியே உக்காந்து பேசு சாமி, உன்னை யாரு என்ன பண்ணிருவாங்க" என்றேன். இரண்டு நாள் கழித்துத்தான் வந்தான்.

2025 டூரண்ட் கோப்பைக்கு நேபாளத்தின் திரிபுவன் ராணுவம் வந்தது, மலேசிய ராணுவ அணி வந்தது. பங்களாதேஷ் வரவில்லை. நார்த் ஈஸ்ட் யுனைடெட் இறுதி ஆட்டத்தில் 6-1 என்று ஜெயித்துக் கோப்பையைத் தக்கவைத்துக்கொண்டது. நல்ல ஆட்டம்தான். ஆனால் அந்தப் பிரிவுப் பட்டியலில் ஒரு பெயர் குறைவது எனக்கு உறுத்தியது.

ஒரு கால்பந்துப் போட்டியால் வரி குறையப்போவதில்லை, எல்லை திறக்கப்போவதில்லை. அது எனக்கும் தெரியும். ஆனால் ஒரு பக்கத்து நாட்டானை ஆர்டரைப் பறித்தவனாகவோ, கள்ளத்தனமாக வந்தவனாகவோ மட்டும் பார்த்துப் பழகிவிட்ட கண்ணுக்கு, அவன் தொண்ணூறு நிமிடம் வியர்க்க ஓடி, கடைசியில் எதிராளியோடு சட்டையை மாற்றிக்கொள்வதைப் பார்ப்பது நல்லது. அந்தச் சட்டையைத் தைத்தவர்கள் அங்கேயும் இங்கேயும் ஒரே மாதிரி ஆட்கள்தான். பன்னிரண்டு மணி நேரம் குனிந்து, பீஸ் கணக்கில் கூலி வாங்குகிறவர்கள்.

அடுத்த வருடம் ஆடிக்கு முன்னால் அணிப் பட்டியல் வரும். வந்ததும் நான் முதலில் தேடப்போவது சென்னையின் எப்.சி.யை அல்ல.